பழஞ்சேலை விரிப்பு

பிறந்த குழந்தை நாளில் ஏறக்குறைய 16 மணி நேரம் தூங்கும் என்பார்கள். ஒரேயடியாகத் தூங்கினால்தானே! இரண்டு மூன்று மணிக்கொரு தடவை பால். நடுவே ஈரத்துணி, ஏப்பம், அழுகை. இந்த இடைவெளியில் ரவிக்கை வெட்டித் தைப்பது நடக்காத காரியம். தையல் மெஷின் சத்தமே எழுப்பிவிடும்.

நடப்பது கைத்தையல்தான், அதிலும் ஓட்டுத் தையல். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலையை நாலு மடிப்பாக விரித்து, பெரிய தையலில் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைத்துப் போனால் துணி ஒருபக்கம் ஒதுங்காது. எந்த இடத்திலும் நிறுத்தலாம். பின்னல் வேலைபோல் கண்ணி நழுவும் பயமில்லை. (ஊசியை மட்டும் உடனே டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும்.)

வங்கத்துக் காந்தா விரிப்பும் பீகாரின் சுஜனி விரிப்பும் இப்படிப் பழந்துணியில் பிறந்தவைதாம். காந்தாவுக்குச் சேலைக் கரையிலிருந்தே நூலை உருவிக்கொள்வார்கள். சுஜனியில் பிறந்த குழந்தையைச் சுற்றுவது அங்கே வழக்கம். கடையில் வாங்கும் புது விரிப்பு எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

இரவு 3 மணித் தையல் கோணும். பிரிக்க வேண்டாம், விரிப்பை நனைக்கப்போகிறவருக்கு அதில் ஆட்சேபமில்லை.