ஜுவெனலின் ரோமாபுரி: சான்றும் வசையும்

பண்டைய ரோமானியரின் அன்றாட வாழ்வை அறிய முனைவோர் வரலாற்றாசிரியர்களைக் காட்டிலும் அங்கதக் கவிஞர்களையே பெரிதும் நாடுகின்றனர். லிவியின் ஏடுகளிலும் டாசிட்டஸின் ஏடுகளிலும் பேரரசர்களும் படைத்தலைவர்களும் நிறைந்திருக்கின்றனர். வாடகை மாடியில் ஒண்டிக் கிடந்த ஏழைக்கு அங்கே இடமில்லை. அவன் காணக் கிடைப்பது ஜுவெனல், மார்ஷல் போன்றோரின் கவிதைகளில்தான். ரோமானியரின் அன்றாட வாழ்வு குறித்து 1939இல் பிரெஞ்சு அறிஞர் கார்கோப்பினோ வெளியிட்ட புகழ்பெற்ற நூலும் இவ்விருவரையும் பெரிதும் சார்ந்து நிற்பதே. ஆனால், சினத்தைத் தன் தொழிலாகக் கொண்ட கவிஞனின் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஜுவெனலின் மூன்றாம் அங்கதத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இக்கவிதை முந்நூற்றுக்கும் மேற்பட்ட அடிகளைக் கொண்டது. உம்பிரிசியுஸ் என்பவன் ரோமாபுரியை வெறுத்துக் கூமே என்னும் கடற்கரை ஊருக்குக் குடிபெயர்கிறான். தட்டுமுட்டுச் சாமான்கள் வண்டியில் ஏற்றப்படும் வேளையில், நகர வாயிலில் நின்று நண்பனிடம் தன் குறைகளைக் கொட்டித் தீர்க்கிறான். தொடக்கத்துச் சில அடிகள் நீங்கலாக, கவிதை முழுவதும் அவன் பேச்சே.

அக்குறைகளுள் பல மெய்யானவை என்பதற்குப் பிற சான்றுகள் உள்ளன. மாடிக் குடியிருப்புகள் இடிந்து விழும் அச்சத்தை அவன் கூறுகிறான். கட்டடங்களின் உயரத்தை அகஸ்டஸ் 70 அடியாகவும், பின்னர் டிராஜன் 60 அடியாகவும் வரையறுத்தனர். இரவெல்லாம் வண்டிகளின் ஓசையால் உறக்கமில்லை என்கிறான். பகற்பொழுதின் பெரும்பகுதியில் வண்டிகள் நகருக்குள் வருவதை ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் தடை செய்திருந்தது. சன்னல்களிலிருந்து கொட்டப்படுவனவற்றுக்கு அஞ்சுகிறான், கி.பி. 533இல் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இதற்கெனவே தனித் தலைப்பு உண்டு. வீசப்பட்ட பொருளால் விளைந்த சேதத்திற்கு அவ்வீட்டில் குடியிருப்பவர் இருமடங்கு ஈடு தரவேண்டும். சுதந்திர மனிதர் எவரேனும் இறந்துவிட்டால் 50 பொற்காசுகள். இல்லாத தொல்லைக்கு எவரும் சட்டம் இயற்றுவதில்லை.

கவிதையின் உச்சம் ஒரு விபத்துக் காட்சி. சலவைக்கல் ஏற்றிய வண்டி அச்சு முறிந்து கூட்டத்தின் மீது சாய்கிறது. நசுங்கிய ஏழையின் உடல் அடையாளமின்றிப் போகிறது. அவன் வீட்டிலோ பாத்திரங்கள் துலக்கப்படுகின்றன, அடுப்பு ஊதப்படுகிறது, அவன் குளிப்பதற்கு எண்ணெயும் துண்டும் எடுத்து வைக்கப்படுகின்றன. அவனோ மறுவுலக ஆற்றின் கரையில், ஓடக்காரனுக்குக் கொடுக்கக் காசின்றி அமர்ந்திருக்கிறான். புலம்பல் ஒரு சொல்லும் இல்லை. அன்றாட வேலைகளின் பட்டியலே இங்கு இரங்கற்பாவாகிவிடுகிறது. உலக இலக்கியத்தில் ஏழையின் சாவை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன இடங்கள் சிலவே எனத் துணிந்து கூறலாம்.

எனினும், இதே கவிதை தன் சினத்தின் பெரும்பங்கை வந்தேறிகள் மீது கொட்டுகிறது. கிரேக்கரும் சிரியரும் நகரைக் கெடுத்துவிட்டனர் என்பது உம்பிரிசியுஸின் முக்கியக் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. இங்கேதான் வாசகர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். செல்வரைப் புகழ நம்மாலும் முடியும், ஆனால் கிரேக்கன் புகழ்ந்தால்தான் நம்புகிறார்கள் என்று அவனே ஓரிடத்தில் கூறிவிடுகிறான். ஆக, முகத்துதி அவனுக்கு இழிவாகத் தோன்றவில்லை. அதில் தோற்றதே அவனது மனக்குறை. நீதிமன்றத்தில் சாட்சியின் ஒழுக்கத்தைக் கேட்குமுன் அவனது சொத்தைக் கேட்கிறார்கள் என வருந்துபவன், அந்நிலையை உண்டாக்கிய செல்வரை விட்டுவிட்டு, அவர்தம் வாயிலில் தன்னோடு காத்து நிற்கும் அயலான் மீது பாய்கிறான்.

மெய்வரலாறு அவனுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. லத்தீன் இலக்கியத்தைத் தொடங்கி வைத்தவராகப் போற்றப்படும் லிவியுஸ் அந்திரோனிக்குஸ் கிரேக்கர். கவிஞர் மார்ஷல் ஸ்பெயினிலிருந்து வந்தவர். ஏறக்குறைய இக்கவிதை தோன்றிய காலத்தில், கி.பி. 112இல் திறக்கப்பட்ட டிராஜன் மன்றத்தை வடிவமைத்தவர் அப்போலோடோரஸ். அவரது ஊர் சிரியாவின் டமாஸ்கஸ்.

கவிஞரும் உம்பிரிசியுஸும் வேறு வேறு; அவனது காழ்ப்பும் நகைப்புக்குரியதாகவே படைக்கப்பட்டுள்ளது எனக் கூறும் ஆய்வாளர்கள் உளர். இது ஓரளவு ஏற்கத்தக்கதே. ஆயினும், பிற்காலத்தார் எல்லோரும் அவ்வாறு படிக்கவில்லை. 1738இல் சாமுவேல் ஜான்சன் இதனைத் தழுவி லண்டனைப் பாடியபோது, கிரேக்கரின் இடத்தில் பிரெஞ்சுக்காரரை வைத்தார். அயலாரின் பெயர் மாறிற்று, வசை மாறவில்லை.

அரபி இலக்கியம் பயின்றோர்க்கு இது புதிதன்று. ஜரீரும் ஃபரஸ்தக்கும் ஒருவர் குலத்தை மற்றவர் இழித்துப் பாடிய ஹிஜாக் கவிதைகளை மொழிவளத்துக்காகவும் வழக்கங்களை அறியவும் நாம் கற்கிறோம். அவற்றைக் கொண்டு எக்குலத்துக்கும் தீர்ப்பு எழுதுவதில்லை. ஜுவெனலையும் அவ்வாறே அணுகுதல் வேண்டும். ஓடு விழுந்த தெருவுக்கு அவர் நல்ல சாட்சி. அத்தெருவில் நடந்த அயலானைப் பற்றி அவர் கூறுவது சாட்சியம் அன்று. அது வழக்காடுபவனின் வாதம்.