42 மாதம் ஆச்சு, தூக்கிடலாமா?

பைத்தானின் பழைய வெர்ஷனை ஒரு லைப்ரரி எப்போது கைவிடலாம்? நம்ப்பை திட்டம் 2019-ல் நெப் 29 என்ற ஆவணத்தில் இதற்கு ஒரு விதி எழுதியது. லைப்ரரியின் புது ரிலீஸ், அதற்கு முந்தைய 42 மாதங்களில் வெளியான பைத்தான் வெர்ஷன்களில் ஓடினால் போதும். பின்னால் வந்த ஸ்பெக் 0 இதை 3 ஆண்டாகக் குறைத்துவிட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேதியை வைத்து முடிவெடுத்தால் ஒவ்வொரு முறையும் சண்டை போட வேண்டியதில்லை. நம்ப்பைக்கு இது அவசியமும்கூட. ஒவ்வொரு பைத்தான் வெர்ஷனுக்கும், ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் அவர்கள் தனித்தனியாக பில்டு செய்து தர வேண்டும். ஒரு வெர்ஷனை விட்டால் உண்மையிலேயே வேலை குறையும்.

எனக்கு இடிப்பது ஒரே ஒரு வாக்கியம்தான். குறைந்தபட்ச வெர்ஷனை ஒவ்வொரு மேஜர், மைனர் ரிலீஸிலும் உயர்த்த வேண்டும், பேட்ச் ரிலீஸில் உயர்த்தவே கூடாது என்கிறது ஆவணம். பின்பாதி ரொம்பச் சரி. முன்பாதியில் ‘உயர்த்தலாம்’ என்று இருந்திருக்க வேண்டும்.

ஏன்னா, சுத்த பைத்தானில் எழுதிய ஒரு சின்ன லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வெர்ஷனுக்கும் ஒரே கோப்பு. பழைய வெர்ஷனைத் தாங்க ஆகும் செலவு, பல சமயம், தானியங்கிச் சோதனைப் பட்டியலில் ஒரு வரி. நம்ப்பையின் பாரம் அதற்குக் கிடையாது. நம்ப்பையின் விதி மட்டும் எதற்கு?

இன்னொன்று, கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்பது. பைத்தான் 3.9 வந்தது அக்டோபர் 2020. அதையே இயல்பான பைத்தானாகக் கொண்ட ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 வந்தது மே 2022, பத்தாண்டு ஆதரவோடு. 42 மாதக் கணக்கு ஏப்ரல் 2024-ல் முடிந்துவிடுகிறது. அதாவது, அந்த சிஸ்டத்துக்கு இரண்டு வயது ஆகும் முன்பே. புதிய பைத்தானைத் தனியாக நிறுவிக்கொள்ள அதில் வழி உண்டு. ஆனால் அதைச் செய்யும் அனுமதி எல்லா ஊழியருக்கும் இருப்பதில்லை. நம்ப்பை 2.1 ஆகஸ்ட் 2024-ல் 3.9-ஐ விட்டது, பைத்தான் குழுவோ அக்டோபர் 2025 வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுத்தது.

“யாருக்கும் எதுவும் உடையாதே, பிப் பொருந்துகிற பழைய ரிலீஸை எடுத்துக் கொடுத்துடுமே” என்பார்கள். உண்மைதான். சிக்கலும் அதில்தான். பயனர் சத்தமில்லாமல் பழைய ரிலீஸில் தங்கிவிடுவார். லைப்ரரியின் அடுத்த பாதுகாப்புத் திருத்தம் தனக்கு வரவில்லை என்பதே அவருக்குத் தெரியாது.

எனவே தேதியை அனுமதியாக மட்டும் வைத்துக்கொண்டு, உயர்த்தும் முன் இரண்டு கேள்வி கேட்கலாம். இதனால் எந்த கோடு அழிகிறது? உதாரணமாக, டாம்ல் கோப்பைப் படிக்கும் வசதி 3.11-லேயே உள்ளே வந்துவிட்டது. அதைக் குறைந்தபட்சமாக்கினால் ஒரு வெளி லைப்ரரியையே விட்டுவிடலாம். இது காரணம். இரண்டாவது, விட்டுப்போகிறவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எத்தனை நாள் தருவோம்? முதல் கேள்விக்கு “ஒன்றும் அழியாது, எண் மட்டும் மாறும்” என்பது பதிலானால், அந்த ரிலீஸில் எண்ணைத் தொடாமல் விடுவதே நல்லது.