ஹெரால்டின் பானெட்

மயிலாப்பூர்ச் சந்துகளில் கார் திருப்பியவர்களுக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் அருமை தெரியும். ஏறக்குறைய 25 அடி வட்டத்துக்குள் அது திரும்பிவிடும். இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அதற்கு மூலம். வடிவம் தந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் அதைச் சென்னையிலேயே தயாரித்தார்கள்.

ஆனால் என் மனம் கவர்ந்தது அதன் பானெட்தான். மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கம் சாயும். எஞ்சின், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் கண்ணெதிரே! முன் டயர் மேலேயே உட்கார்ந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. "பாண்டி பஜார் போகணுமே, அதுக்குள்ள முடிஞ்சுடுமா?" என்று காபியோடு வருவாள் அம்மா.

அதே எண்ணெய்க் கையோடு சைக்கிளும் கவனிக்கப்படும். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கியது. அவர்களுடைய ஹெர்குலிஸ்தான் எங்கள் வீட்டிலும். சைக்கிள் செயினை விரலால் அழுத்தித் தொய்வு பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு, காரின் ஃபேன் பெல்ட் தானாகவே புரிந்துவிடும்.

இன்றைய கார்களில் எஞ்சின் மேல் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. பிள்ளைகளுக்குப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. அடையாறிலோ தி. நகரிலோ உங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு ஹெரால்டு தூங்கினால், தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு முறை பானெட்டைத் திறந்து, பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.