பதினெட்டு வயதுவரை காத்திருக்கலாமா?

சொறிக்கல்முனையிலோ கல்முனையிலோ, கீழ்த்தாடை முன்தள்ளிய பிள்ளையின் தாய்க்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். வீட்டுப் பெரியவர்கள் வளர வளரச் சரியாகிவிடும் என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் பதினெட்டு வயதாகட்டும், ஒப்பரேஷன் செய்யலாம் என்பார்கள். முதலாவது பெரும்பாலும் பொய்த்துப் போகிறது. இரண்டாவதில் பாதி உண்மை இருப்பதால்தான் அதை ஆராய வேண்டியிருக்கிறது.

அந்தப் பாதி, தாடையின் வளர்ச்சி பற்றியது. கீழ்த்தாடை முகத்தின் மற்ற எலும்புகளைவிடப் பிந்தியே வளர்ந்து முடிகிறது. ஆண்பிள்ளைகளில் பதினெட்டைத் தாண்டியும் வளரலாம். முந்தி வெட்டினால் மீண்டும் நீண்டுவிடும். எனவே சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பது சரிதான். ஆனால் சத்திரசிகிச்சைக்குச் சொன்ன வயதைப் பரிசோதனைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பிழை அங்கேதான்.

ஏனென்றால், முன்தள்ளித் தெரியும் தாடை எல்லாமே நீண்ட தாடை இல்லை. பலரில் மேல்தாடைதான் குறுகிப் பின்தங்கியிருக்கிறது. பிளவுண்ட அண்ணத்துக்குச் சிறுவயதில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளிலும் தழும்பு மேல்தாடையின் வளர்ச்சியைத் தடுப்பதுண்டு. இன்னும் சிலரில் முன்பற்கள் முட்டிக்கொள்வதால், வாயை மூடும்போது தாடை முன்னே வழுக்குகிறது. அது எளிதில் திருத்தக்கூடியது. வளர்ந்தவர்களில் தாடை புதிதாக நீளத் தொடங்கினால், வளர்ச்சி ஹோர்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியைப் பார்க்க வேண்டும்.

பரம்பரையும் பெரிய காரணம். ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ஓவியங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, நெருங்கிய உறவுத் திருமணத்தையும் அவர்களின் முன்தள்ளிய தாடையையும் தொடர்புபடுத்தியது. மச்சான் மச்சாள் கலியாணம் வழக்கிலுள்ள நம் கரையோரத்தில் இதைக் காட்டிக் குடும்பங்களைக் குற்றஞ்சாட்டுவது நியாயமில்லை. உறவில் முடிக்காத குடும்பங்களிலும் இது தலைமுறைகளாக வருகிறது. தகப்பனுக்கோ மாமனுக்கோ இருந்தால் பிள்ளையை முந்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முந்திக் காட்டினால் என்ன கிடைக்கும்? நெற்றியிலும் நாடியிலும் தாங்கி நிற்கும் முகக்கவசத்தை ரப்பர் பட்டிகளால் மேற்பற்களோடு இணைத்து, மேல்தாடையை முன்னே இழுப்பார்கள். பிரித்தானியாவில் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் நடந்த பரிசோதனையில், ஆறு ஆண்டுகளின் பின் சத்திரசிகிச்சை தேவை எனக் கணிக்கப்பட்டவர்கள் கவசம் அணிந்தவர்களில் 36 சதவீதம். அணியாதவர்களில் 66 சதவீதம். மதிக்கத்தக்க வித்தியாசம். ஆனால் அதே ஆய்வில், எலும்பில் ஆரம்பத்தில் கண்ட முன்னேற்றம் ஆறு ஆண்டுகளில் நிலைக்கவில்லை. பலன் எப்படி வந்தது என்பதை எக்ஸ்ரே அளவுகள் விளக்கவில்லை. ஆகவே இதைத் தீர்வு என்று விற்பவரை நம்பக்கூடாது. நல்ல வாய்ப்பு என்று சொல்பவரை நம்பலாம். விலையும் உண்டு. நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணிநேரம் இந்த வெக்கையில் அணிய வேண்டும். நாடியில் தோல் புண்ணாகும். தவணை தவறாமல் கிளினிக் போக வேண்டும். நாடியைப் பின்னே அழுத்தும் பழைய நாடிக்கிண்ணம் இதைவிடப் பலவீனமானது: பருவ வளர்ச்சி அதன் பலனைப் பெரும்பாலும் அழித்துவிடுகிறது.

சத்திரசிகிச்சையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒப்வெகேசர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1957இல் வெளியிட்ட முறைப்படி, வாய்க்குள்ளிருந்தே தாடையின் இரு பக்கமும் பிளந்து பின்னகர்த்துகிறார்கள். முகத்தில் தழும்பு தெரியாது. தேவையானால் மேல்தாடையையும் முன்னகர்த்துவார்கள். கடித்துத் தின்ன முடியாதிருந்தவர் தின்கிறார். ஆனால் கீழுதட்டில் மரத்துப்போன உணர்வு சிலருக்கு நிலைத்துவிடும். சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு வருடமோ கூடவோ பற்களுக்குக் கம்பி போட வேண்டும். அந்தக் காலத்தில் தாடை முன்னிலும் துருத்தித் தெரியும். கலியாணப் பேச்சு வந்த பிறகு அவசரமாகக் கூட்டிவரப்படும் பெண்பிள்ளைக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இலங்கையில் அரச வைத்தியம் இலவசம். ஆனால் பேராதனைப் பல் மருத்துவ பீடத்துக்கோ கொழும்புப் பல் வைத்தியசாலைக்கோ போய்வர அம்பாறைக் கரையிலிருந்து ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும். அதனால் எல்லாப் பிள்ளைகளையும் அங்கே அனுப்பச் சொல்வது வீண். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் சூத்தைப் பல் பார்க்கும்போதே, ஏழு வயதுப் பிள்ளையிடம் கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே வருகின்றனவா என்று பார்த்துவிடலாம். வந்தால் அந்தப் பிள்ளையை மட்டும், அந்த வருடமே, நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.