பந்தாடும் பெண்ணும் சம்பளம் வாங்கும் பெண்ணும்

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையை நடத்தும்போதெல்லாம் கந்துகவரியில் கொஞ்சம் நின்றுவிடுவேன். பெண்கள் பந்தடிக்கிறார்கள். சந்தம் துள்ளுகிறது, மாணவிகளும் ரசிக்கிறார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் ஜெயித்தது யார், பந்து எத்தனை முறை எழும்பியது, யாருக்கு மூச்சு வாங்கியது என்று கேட்டால் பாட்டில் பதில் கிடையாது. அணிகலன் அசைவதும் இடை துவள்வதும் தெரிகின்றன. முடிவில் வாழ்த்து பாண்டியனுக்குப் போய்ச் சேருகிறது. குற்றாலக் குறவஞ்சிக்கு வந்தாலும் இதேதான். வசந்தவல்லி பந்தாடுவது அவள் அழகை நாம் பார்ப்பதற்காக. திரிகூடநாதர் பவனி வந்ததும் ஆட்டம் மறந்துபோகிறது, காதல் நோய் தொடங்குகிறது.

அகப்பாடல்கள் இன்னும் கறாரானவை. விளையாட்டுத் தோழிகளோடு திரிந்தவளை ஒருநாள் வீட்டுக்குள் நிறுத்துகிறார்கள். இற்செறிப்பு என்று அதற்கு ஒரு பெயரும் வைத்து, துறையாகவே வகுத்துவிட்டோம். அவள் தலைவனோடு போய்விட்டால், விட்டுப்போன பந்தையும் பாவையையும் பார்த்துத் தாய் கலங்குகிறாள். பந்து என்பது பெண் விட்டுச்செல்லும் பொருள். இதை இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன்.

நான் இருப்பது பொம்மையார்பாளையத்தில். பாடத்தில் வரும் நெய்தல் திணை எங்களுக்குத் தெருக்கோடியில் இருக்கிறது. வருடத்துக்கு வருடம் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. இந்த ஊர்ப் பெண் ஒருத்தி கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சொல்லி, "நீங்க வந்து எங்கம்மாகிட்டப் பேசுங்க மேம்" என்றாள். அவள் அம்மா மீன் விற்கிறவர். காலையில் மீன் எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனால் மதியம்தான் திரும்புவார். ஒரு மாலையில் போய் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த நல்ல கதையைச் சொன்னேன். அனிதா பால்துரையின் கதை.

அது சாதாரணக் கதை அல்ல. 1985இல் பிறந்த சென்னைப் பெண். 19 வயதில் இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் கேப்டன். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர். 2013இல் தோஹாவில் நடந்த மூவர் கூடைப்பந்து ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். தேசியப் போட்டிகளில் வாங்கிய பதக்கங்கள் மட்டும் 30. குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2017இல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று இந்தியா முதல் பிரிவுக்கு ஏறியது. இரண்டே புள்ளி வித்தியாசம். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ.

கிரிக்கெட்டில் இதில் பாதி செய்த ஆணின் பெயர் எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். அனிதாவின் பெயர் என் மாணவிகளில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் ஒரே வாசகமாகத்தான் தெரியும்: 'அம்மாவான பிறகும் சாதித்தவர்.' நானும் அப்படித்தான் சொன்னேன். மன உறுதி, விடாமுயற்சி, தாய்மை தடையல்ல என்று வரிசையாக அடுக்கினேன். மேடைப் பேச்சுப் பழக்கம்.

அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "பதினேழு பதினெட்டு வருசம் பந்து ஆடுனா சோத்துக்கு என்னா பண்ணுச்சு டீச்சர் அந்தப் பொண்ணு?" என்றார்.

"ரயில்வேல வேலைக்கா. தெற்கு ரயில்வே."

"அத மொதல்ல சொல்லக் கூடாதா?"

எனக்குச் சுருக்கென்றது. எந்தப் பத்திரிகைக் கட்டுரையிலும் கடைசிப் பத்தியில் ஒரு வரியாக வரும் செய்தியைத்தான் அவர் முதல் வரியாகக் கேட்டார். நான் சொன்னது ஒருவகைக் கந்துகவரி. பந்து இருந்தது, பெண் இருந்தாள், வாழ்த்து இருந்தது. சம்பளம் இல்லை.

அன்றிலிருந்து அனிதாவின் விளையாட்டு வாழ்க்கையை உழைப்பின் வரலாறாகப் படித்துப் பார்க்கிறேன். அப்போது வேறு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. இந்தியப் பெண்கள் கூடைப்பந்து ஆடிப் பிழைக்கும் அளவுக்கு இங்கே லீக் போட்டிகள் வளரவில்லை. அமெரிக்காவில் டபிள்யூ.என்.பி.ஏ. 1997 முதல் நடக்கிறது. அனிதாவோடு இந்திய அணியில் ஆடிய கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011இல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்கும் போய்வந்தார், ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அவருக்கும் வேலை தெற்கு ரயில்வேதான். நம் ஊரில் தொழில்முறை வீராங்கனை என்றால் ரயில்வேயிலோ அப்படிப்பட்ட ஓர் அரசு நிறுவனத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து, வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்று பொருள். பளபளப்பே இல்லாத ஏற்பாடு. கவிதைக்கு ஆகாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் 180 நாள் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. பிள்ளை வளர்ப்புக்கென்று பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் விடுப்பும் அதே வருடம் வந்தது. உலகின் பெரிய மகளிர் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் மகப்பேறு காலத்துக்கு முழுச் சம்பளம் என்பது 2020 ஒப்பந்தத்தில்தான் எழுதப்பட்டது. ஓட்டப்பந்தய வீராங்கனை அலிசன் ஃபெலிக்ஸ் 2019இல் தன் ஸ்பான்சர் நிறுவனத்தோடு மோதியதும் இதற்காகத்தான்: பிள்ளை பெற்ற பிறகு ஓட்டத்தில் வேகம் குறைந்தால் பணத்தைக் குறைக்கக் கூடாது என்று எழுதித் தரச் சொன்னார். தாயான பின் களத்துக்குத் திரும்புவதை மன உறுதி என்று மட்டும் சொல்லும்போது, அந்த உறுதி காலூன்றி நிற்கும் தரையை நாம் மறைத்துவிடுகிறோம். தரை இல்லாதவளுக்கு உறுதி இல்லை என்று பழி சொல்லவும் அது வசதியாகப் போய்விடுகிறது.

இதை என் கதையிலிருந்தே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மகள் இரண்டு வயதாக இருக்கும்போது முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்தேன். இன்றுவரை அதைச் சொல்லிப் பாராட்டுகிறார்கள். யு.ஜி.சி. உதவித்தொகை மாதாமாதம் வந்ததையும், என் அம்மா தன் முழங்கால் வலியோடு குழந்தையைப் பார்த்துக்கொண்டதையும் யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. பாராட்டு இனிப்பாகத்தான் இருந்தது.

நம் சினிமாவும் இந்தத் தரையைக் காட்டியதில்லை. 'பிகில்' (2019) படத்தில் கல்யாணத்துக்குப் பின் பந்தை விட்ட பெண்ணை மீட்க நாயகன் அவள் புகுந்த வீட்டுக்கே போகிறான், கணவனோடு பேசுகிறான். திரையரங்கில் கைதட்டல். அங்கே நடப்பது அனுமதி ஓர் ஆணிடமிருந்து இன்னோர் ஆணின் வழியாக வருவதுதான். 'கனா' (2018) மேலான படம். விவசாயியான அப்பாவின் கடனையும் மகளின் கிரிக்கெட்டையும் ஒரே கதையில் வைக்கத் துணிந்தது. ஆனால் அதுவும் பெரிய வெற்றியில் முடிகிறது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவள் எந்த வேலைக்குப் போவாள், முப்பது வயதில் எப்படி ஆடுவாள் என்பதெல்லாம் திரைக்கதைக்குத் தேவைப்படுவதில்லை. அனிதாவின் ஆட்டக்காலம் அந்தத் தேவைப்படாத வருடங்களால் ஆனது.

கூடைப்பந்தின் வரலாற்றிலேயே ஒரு வேடிக்கை உண்டு. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் இந்த ஆட்டத்தை உருவாக்கிய சில மாதங்களில் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை அதை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்குச் சொல்லித்தந்தார். பெண்ணுடல் களைத்துவிடும் என்று மைதானத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தார். அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது. அவரைக் குறை சொல்ல முடியாது, அப்படிச் சொல்லித்தான் ஆட அனுமதி வாங்க முடிந்திருக்கும். மைதானத்தில் அந்தக் கோடுகள் அழிந்து வெகுகாலம் ஆகிறது. வயதுக்கு வந்ததும் ஒரு கோடு, கல்யாணத்தில் ஒரு கோடு, பிரசவத்தில் ஒரு கோடு என்று வெளியே இருக்கிற மூன்று கோடுகளைத்தான் நான் பார்க்கிறேன். நான் முதல் கோட்டிலேயே நின்றவள். ஒன்பதாம் வகுப்பில் எறிபந்து ஆடிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் தாவணிக்கு மேல் புத்தகத்தை அணைத்துக்கொண்டு நடந்தேன். யாரும் தடுக்கவில்லை, அதுதான் விசித்திரம். தடுக்கத் தேவையே இல்லாமல் நானாக நின்றேன்.

அரசு வேலையைச் சொர்க்கமாக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொரு பெண் இருந்தால்தான் அந்த விடுப்பும் முழுசாகப் பயன்படும். அந்த இன்னொரு பெண்ணுக்கு எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்து இல்லை. ஓய்வு என்ற சொல்லும் வீராங்கனைக்கு வேறு மாதிரி. களத்திலிருந்து ஓய்வு பெற்றவர் மறுநாள் அலுவலகம் போகிறார், மாலையில் சமையல். இவற்றையெல்லாம் அனிதா போன்றவர்கள் தாங்களே எழுத வேண்டும். வாழ்த்துரை எழுதுகிற நாங்கள் எழுதி முடியாது.

அந்த அம்மா என்னிடம் எந்த வாக்கும் தரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் வரட்டும் என்று சொல்லியிருக்கிறாராம். ஒரு வாரம் கழித்துத் தெருவில் என்னை நிறுத்தி, பிளாஸ்டிக் கவர் ஒன்றைப் பிரித்தார். ரேஷன் அட்டை, ஆதார் நகல், இரண்டு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அவற்றுக்கு நடுவே மகளின் விளையாட்டுச் சான்றிதழ்கள். ஒன்றிரண்டில் மீன் வாசனை.

"இதுல எது செல்லும் டீச்சர்? காலேஜுக்கு ஆடுனது செல்லுமா, இல்ல யூனிவர்சிட்டிக்கு ஆடணுமா?"

யூனிவர்சிட்டிக்கு ஆட வேண்டும், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிச் சான்றிதழ் என்றால் மத்திய அரசு வேலைகளுக்கு மதிப்பு உண்டு என்றேன்.

"அது எந்த மாசம் நடக்கும்?" என்றார்.