தேசிங்கின் குதிரையும் பந்தயக் குதிரையும்

செஞ்சி வட்டாரத்தில், அனந்தபுரம் போன்ற ஊர்களில், தேசிங்குராஜன் கதையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. டில்லி பாதுஷாவிடம் ஒரு முரட்டுக் குதிரை இருந்தது; ஏறியவரையெல்லாம் கீழே தள்ளியது; இளைஞனான தேசிங்கு அதை அடக்கிச் சவாரி செய்தான் என்பது கதைப்பாடல் கூறும் செய்தி. வரலாற்றில் தேஜ்சிங் எனப்படும் இவ்வீரன் 1714ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான். செஞ்சிக்கு அருகேயுள்ள நீலாம்பூண்டியில் அவன் தோழனின் கல்லறையோடு குதிரையின் கல்லறையையும் ஊரார் காட்டுகிறார்கள். குதிரைக்குக் கல்லறை எழுப்பிய நாடு நம்முடையது என்று நாம் பெருமைப்படலாம்.

ஆனால் அந்தக் கதையை ஒரு கால்நடை மருத்துவரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். அக்குதிரை ஏன் எவரையும் ஏறவிடவில்லை? இந்தக் கேள்வியைக் கதைப்பாடல் எழுப்பவே இல்லை. முரட்டுத்தனம் குதிரையின் குற்றம், அடக்குவது வீரனின் புகழ் என்று முடித்துவிடுகிறது. திடீரென முரண்டு பிடிக்கும் குதிரையை இன்றைய மருத்துவரிடம் கொண்டுபோனால், அவர் முதலில் சேணத்தின் அடியில் முதுகைத் தடவிப் பார்ப்பார். வாயைத் திறந்து பல்லையும் கடிவாளம் அழுத்தும் இடத்தையும் பார்ப்பார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். ஏனெனில் குதிரை வேட்டையாடப்படும் இனம். வலியை ஓசையிட்டுச் சொல்லாது. உதறும், ஓடும், அல்லது அடங்கிப் போகும். ‘அடங்கிவிட்டது’ என்று நாம் மகிழும் குதிரை சில வேளைகளில் வலியைப் பொறுத்துக்கொள்ளக் கற்ற குதிரையாகவும் இருக்கக்கூடும்.

குதிரையை வியப்போம், ஆனால் விசாரிக்கமாட்டோம் என்ற இந்தப் பழக்கம் கதையோடு நின்றுவிடவில்லை. குதிரைப் பந்தயம் பற்றி நாம் நடத்திவரும் விவாதங்களிலும் அது தொடர்கிறது என்பதே இக்கட்டுரையின் குறை.

பழைய குறைபாடு

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இங்குள்ள குதிரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கடல் வழியாகக் குதிரைகளை வாங்கினார்கள். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் ஆண்டு முடிவதற்குள் மிகச் சிலவே எஞ்சின. வேகவைத்த அரிசியையும் இறைச்சியையும் அவற்றுக்குக் கொடுத்தார்கள் என்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும் விலை கொடுத்து வாங்கத் தெரிந்து, வளர்க்கத் தெரியாத நிலையை அவர் கண்டு சொல்லியிருக்கிறார்.

இன்று அரிசிக்குப் பதில் தானியம். குதிரையின் இரைப்பை சிறியது. அதில் அமிலம் இடைவிடாமல் சுரக்கும். நாளின் பெரும்பகுதியைப் புல் மேய்வதிலேயே கழிக்கும்படி அமைந்த உடல் அது. பந்தயக் குதிரையோ நெடுநேரம் லாயத்தில் கட்டுண்டு, குறித்த நேரத்தில் தானியம் தின்கிறது. பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பளபளக்கும் தோலைப் பார்த்து வயிற்றின் நிலையை அறிய முடியாது.

வழக்கில் இல்லாத வாதி

சென்னைக் கிண்டியில் 1777ஆம் ஆண்டிலேயே குதிரைப் பந்தயம் தொடங்கியது. மதராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986இல் கிளப்பையே அரசுடைமையாக்க மற்றொரு சட்டம் வந்தது. 1996இல் உச்சநீதிமன்றம், பந்தயம் திறமையைச் சார்ந்தது, வெறும் சூதாட்டமன்று என்று தீர்ப்பளித்து, 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றது. 2024இல் உதகையிலும் கிண்டியிலும் பந்தய நிலங்கள் பற்றிய பூசல் எழுந்தது. காரணம் குத்தகையும் பாக்கியும்.

பணத்தைத் தோற்ற குடும்பங்களின் கண்ணீரை எவரும் சிறிதென்று சொல்லமாட்டார். நிலம் பொதுமக்களுக்கு வேண்டும் என்பதும் நியாயமான பேச்சே. ஆனால் இந்த ஐம்பது ஆண்டு வாதத்தில் சூதாட்டம் இருக்கிறது, திறமை இருக்கிறது, வரி இருக்கிறது, நிலம் இருக்கிறது. ஓடுகிற பிராணியின் கால் மட்டும் இல்லை. திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதால், குதிரை நலமாக இருக்கிறதா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாகாது.

கால் முறிவது விபத்தா?

பந்தயக் குதிரை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ எடையுள்ளது. ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும் இதயம், முழு வேகத்தில் 220 முறைக்கு மேல் துடிக்கும். மண்ணீரல் சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை இரத்தத்தில் கொட்டிவிடும். இதயமும் நுரையீரலும் இவ்வளவு ஆற்றல் பெற்றிருக்க, கால்களோ முழங்காலுக்குக் கீழே தசையே இல்லாமல் எலும்பும் தசைநாணுமாக இருக்கின்றன. பாய்ச்சலில் ஒற்றை முன்னங்கால் தரையை மிதிக்கும் கணத்தில் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம் அதன்மேல் இறங்குகிறது.

இவ்வளவு பாரத்தில் எலும்பில் கண்ணுக்குப் புலனாகாத நுண்விரிசல்கள் தோன்றும். உடல் அந்த இடத்தைக் கரைத்துப் புது எலும்பைக் கட்டும். பழைய வீட்டின் பழுதான செங்கல்லை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதைப் போன்றது இது. எடுத்த கல்லுக்கும் வைக்கும் கல்லுக்கும் இடையில் சுவர் பலவீனமாக இருக்கும் அல்லவா? அந்த வாரங்களில் குதிரையை விரட்டினால் விரிசல் முறிவாகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1990 முதல் இறந்த பந்தயக் குதிரைகளைப் பிணப்பரிசோதனை செய்து வருகிறார்கள். உயிரைப் பறித்த எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை முன்பே பழுதுபட்டிருந்த இடத்தில் நேர்ந்தவை என்று தெரியவந்தது. ஆகவே ‘தடுக்கி விழுந்தது, விதி’ என்று சொல்வது அறிவியலுக்கு ஒவ்வாது. முறிவு வருமுன் அறிகுறி உண்டு: நடையில் சிறு மாற்றம், காலில் சூடு, வீக்கம். வலி நீக்கும் மருந்து கொடுத்து ஓட்டினால் அந்த அறிகுறியையும் அழித்துவிடுகிறோம்.

சாட்டையின் கணக்கு

சாட்டை இல்லாவிட்டால் குதிரை ஓடாது என்பது பந்தயத் திடலில் பழகிய நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ஈவன்ஸ், மெக்கிரீவி ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சோதித்தது. கடைசி 400 மீட்டரில், குதிரைகள் களைத்து வேகம் குறையும் கட்டத்தில்தான், அடி மிகுதியாக விழுந்தது. அடித்ததால் வேகமோ வெற்றி வாய்ப்போ கூடியதற்கு அவர்கள் சான்று காணவில்லை. குதிரையின் தோல் தடித்தது, அதற்கு உறைக்காது என்பாரும் உண்டு. வலியை உணரும் மேல்தோல் குதிரைக்கும் மனிதனுக்கும் ஏறக்குறைய ஒத்தது என்று 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டின் வித்தை காட்டும் விலங்குகள் பதிவு விதிகள், அதிர்ச்சியைத் தாங்கும் காற்றுப் பொதி வைத்த சாட்டையையே பயன்படுத்த வேண்டும், ஒரு பந்தயத்தில் மூன்று அடிக்கு மேல் கூடாது என்கின்றன. விதி நல்லதே. ஆனால் நான்காவது அடி விழுந்ததா என்று எண்ணுபவர் யார், எண்ணியதை அச்சிடுபவர் யார் என்பதில்தான் விதியின் உயிர் இருக்கிறது.

எண்ணிக்கை காட்டிய வழி

அமெரிக்காவில் 2009 முதல் பந்தயத்தால் நேரும் குதிரை இறப்புகளைத் திரட்டி வெளியிடுகிறார்கள். அவ்வாண்டில் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2.00 ஆக இருந்த இறப்பு, 2023இல் 1.32 ஆகக் குறைந்தது. பந்தயத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை, மருந்துக் கட்டுப்பாடு, தரையின் மென்மையையும் ஈரத்தையும் அளந்து சீர்செய்தல் ஆகியவை இதற்குத் துணைசெய்தன. எண்ணத் தொடங்கியபோதுதான் எது குறைகிறது, எது குறையவில்லை என்று தெரிந்தது.

இது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. இறந்த ஒவ்வொரு குதிரையையும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கலாம். சென்னையில் 1903 முதலே அத்தகைய கல்லூரி உண்டு. ஆயிரம் ஓட்டங்களுக்கு எத்தனை காயம், எத்தனை இறப்பு என்று ஒவ்வொரு பந்தய மன்றமும் ஆண்டுதோறும் வெளியிடலாம். ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் பெற்ற மருத்துவர், உரிமையாளரிடமோ பயிற்சியாளரிடமோ சம்பளம் வாங்காதவராக இருக்கலாம். ஓய்வுபெற்ற குதிரை யாரிடம், எவ்வாறு இருக்கிறது என்று பதிவேடு வைக்கலாம்.

விலையுயர்ந்த குதிரையை உரிமையாளர் தாமே காப்பாற்றமாட்டாரா என்று கேட்கலாம். காப்பாற்றுவார், வெல்லும் வரையில். தோற்கத் தொடங்கிய குதிரைக்குத்தான் சட்டத்தின் காவல் தேவை. குதிரை இயல்பாகவே ஓட விரும்புவது என்பதும் மெய்யே. ஆனால் திறந்த வெளியில் ஓடும் குதிரை களைத்ததும் தானே நிற்கும். பந்தயத் திடலில் அதை நிற்கவிடுவதில்லை.

செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகாலைச் சூழ்ந்த நீண்ட அறை வரிசையைக் குதிரை லாயம் என்று காட்டுவார்கள். அடுத்த முறை அங்கே செல்லும் மாணவர்கள் தேசிங்கின் வீரத்தை நினைக்கட்டும். அதோடு, அந்த லாயத்தில் நின்ற குதிரை என்ன தின்றது, எத்தனை நாள் ஓய்வெடுத்தது, அதன் கால்களை யார் தடவிப் பார்த்தார்கள் என்றும் ஆசிரியரைக் கேட்கட்டும்.