ஹார்டி திரும்பப் பெற்ற வாக்கியம்

கணிதமேதை இராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தம் தாயின் பெற்றோர் வாழ்ந்த இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்திலேயாயினும், ஈரோட்டார் அவரைத் தம்மவரென உரிமை பாராட்டுவதில் வியப்பில்லை. அவரைப்பற்றிக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி 1940-இல் வெளியிட்ட பன்னிரு சொற்பொழிவுகளின் தொகுப்பை ஈண்டு ஆராய்வோம். கணிதம் பயிலாதாரும் அதன் முதற் சொற்பொழிவை முழுமையாகவும் இரண்டாவதை ஓரளவும் வாசிக்க இயலும். எமக்கும் அவ்வளவே இயன்றது.

இராமானுஜன் 1920-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு ஹார்டி எழுதிய இரங்கலுரையில் ஒரு கருத்து இடம்பெற்றது. இளமையிலேயே தக்க பயிற்சி பெற்றிருந்தால் இராமானுஜன் இன்னும் பெரிய கணிதராகியிருப்பார். ஆயின் தம் தனித்தன்மை குன்றி ஐரோப்பியப் பேராசிரியரைப் போன்றவராகியிருப்பார். அதனால் ஆதாயத்தினும் இழப்பே மிகுதியாயிருந்திருக்கலாம் என்பது அதன் சாரம். கேட்க இனிய கருத்து! கும்பகோணம் கல்லூரியில் கணிதமல்லாத பாடங்களில் தவறி, உதவித்தொகை இழந்து, வறுமையில் அலைந்த ஆண்டுகளுக்கெல்லாம் அஃது ஒரு பொருள் கற்பித்துவிடுகிறது.

1936-இல் ஹார்வர்டில் பேசுகையில் ஹார்டி இப்பகுதியைத் தாமே எடுத்துக்காட்டினார். முற்பகுதியை நிலைநிறுத்தி, இறுதி வாக்கியத்தை மட்டும் நகைப்புக்குரிய வெற்றுணர்ச்சி எனத் தள்ளினார். கல்லூரி அவரைப் புறக்கணித்ததில் ஆதாயம் எதுவுமில்லை, இழப்போ ஈடுசெய்ய இயலாதது என்றார். இதுவே நூலின் முதற் சொற்பொழிவு.

இம்மனமாற்றத்திற்கான சான்றை இரண்டாம் சொற்பொழிவில் காண்கிறோம். பகா எண்களின் தொகையைக் கணிக்க இராமானுஜன் ஒரு சூத்திரம் கண்டிருந்தார். பத்து இலட்சத்திற்கு உட்பட்ட பகா எண்கள் 78,498; சூத்திரம் அதனினும் ஏறத்தாழ 29 மட்டுமே மிகுத்துக் காட்டும். பிழை என்றும் புறக்கணிக்கத்தக்கதே என அவர் நம்பினார். அந்நம்பிக்கைக்கு இடமில்லையென்பதை லிட்டில்வுட் 1914-இல் நிறுவிய தேற்றம் காட்டிற்று. கலப்பெண் சார்புகளின் கோட்பாட்டை அறியாமையே தவற்றின் வேர் என்கிறார் ஹார்டி. ஒரு நல்லாசிரியரும் சில நூல்களும் தந்திருக்கக்கூடிய அறிவு அது! இரு சொற்பொழிவுகளையும் ஹார்டி வெளிப்படையாக இணைக்கவில்லை. இணைத்து வாசித்தால் அந்த வாக்கியம் ஏன் நிற்கவியலாதென்பது விளங்கும்.

இராமானுஜனோ இதில் ஹார்டிக்கு முன்னோடி. இங்கிலாந்து சென்ற ஆண்டின் நவம்பரிலேயே அவர் தாயகத்து நண்பருக்கு எழுதிய மடலில், பழைய முடிவுகளை இப்போதைக்கு வெளியிடப்போவதில்லையென்றும், அங்குள்ளோர் முறைகளைக் கற்று அவற்றால் புதியன காண முயல்வதாகவும் தெரிவித்தார். குறிப்பேடுகள் ஒரு மூலையில் உறங்கின. பல்லாண்டு உழைப்பை அவ்வாறு ஒதுக்கிவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஹார்டியின் செயலில் எமக்கு ஒரு குறை தோன்றுகிறது. 1927-இல் வெளியான இராமானுஜன் கட்டுரைத் தொகுதியில் பழைய இரங்கலுரை அப்படியே அச்சேறியிருந்தது. அதனை மட்டும் வாசிப்போர் திருத்தத்தைக் காணமாட்டார். அகுஸ்தீன் தம் முதுமையில் தம் நூல்களை வரிசையாக மீளாய்ந்து, பிழைகளைத் தனி நூலாகவே எழுதிவைத்ததை இங்கு நினைக்கிறோம். ஆயினும், எவரும் வற்புறுத்தாதபோது, பலரும் விரும்பிய தம் சொல்லையே பேரவையில் பழித்த துணிவு சிறிதன்று.

இதனை எழுத எமக்கு ஒரு தனிக்காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்குமுன் ஈரோட்டில் ஓர் ஆராதனையில், தேர்வில் தவறிய இளைஞர் பலர் அமர்ந்திருக்க, இராமானுஜனைக் காட்டி, புறக்கணிப்பே அவரைப் புடமிட்டது எனப் பிரசங்கித்தோம். அன்று ஹார்டியின் பழைய வாக்கியத்தை மட்டுமே அறிந்திருந்தோம். அவ்விளைஞருக்குத் தேவைப்பட்டது ஓர் ஆசிரியரும் இன்னொரு வாய்ப்பும். யாம் தந்ததோ ஆறுதல். எம் கூற்று தவறு. அடுத்த மாதம் அதே சபையில் பேச அழைக்கப்பட்டிருக்கிறோம். இதனை அங்கேயே சொல்வோம்.